சாயுரி சாப்பிடாத டோஃபு

எங்கள் ஊர்க்காரர்கள் தொண்டையில் மீன்முள் சிக்கினாலும் "மீன் ரொம்ப ருசி" என்றுதான் சொல்வார்கள். நானும் இந்த ஊர்க்காரிதான், ஆனால் அந்தப் பொறுமை எனக்கு வாய்க்கவில்லை. கட்டிய புருஷனிடம் மனதில் பட்டதையெல்லாம் சொல்லிச் சொல்லியே நாற்பது வயதில் பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள். பதினொரு வருஷமாகத் தம்பி மொரிஹிகோவின் டோஃபு கடையில் வியாபாரத்தைப் பார்த்துக்கொள்கிறேன்.

அந்தக் கடைக்குக் கை என் தம்பி, நாக்கு அவன் மனைவி சாயுரி. விடிந்ததும் கொதித்த சோயா பாலில் உப்பளத்துக் கசப்பு நீரை ஊற்றித் திரிய விடுவான். அச்சில் ஊற்றுவதற்கு முன் ஒரு கரண்டி எடுத்துக் கிண்ணத்தில் போட்டு, ஆவி பறக்க அவளிடம் நீட்டுவான். அவள் சாப்பிட்டுப் பார்த்து "சரி" என்றால்தான் அச்சு. "பால் தண்ணியா இருக்கு" என்றாலோ "அவசரப்பட்டுக் கிண்டிட்டீங்க" என்றாலோ முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். கல்யாணமான மறுநாளிலிருந்து இருபத்தாறு வருஷமாக இப்படித்தான். அவள் வாயிலிருந்து வரும் அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவன் படுக்கையை விட்டு எழுந்திருக்கிறான் என்று நான் கேலி செய்வதுண்டு.

போன பிப்ரவரியில் சாயுரிக்கு மார்பில் கட்டி என்றார்கள். பெண்களுக்குச் சுரக்கும் ஹார்மோனை உறிஞ்சி வளர்கிற வகையாம். நல்லவேளை, பரவுவதற்குள் எடுத்துவிட்டார்கள். அந்த ஹார்மோனை மட்டுப்படுத்த தினம் ஒரு மாத்திரை, ஐந்து வருஷத்துக்கு. ஏப்ரலில் செர்ரி பூத்தபோது மறுபடி கடைக்கு வந்து நின்றாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஆனால் அதற்குப் பிறகு டோஃபு கெட்டது. ஒருநாள் கல்லாக இருக்கும், ஒருநாள் கரண்டியில் நிற்காது. சாயுரியோ கிண்ணத்தை வாங்கி, "சோத்தோட சாப்பிட்டுப் பாக்கறேன்" என்று உள்ளே போவாள். திரும்பி வந்து "சரி" என்பாள். தவறாமல் தினமும் "சரி".

வாடிக்கைக்காரர்கள் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. நூடுல்ஸ் கடைக்காரர் இசொபே ஆறு கட்டி வாங்கிக்கொண்டிருந்தவர், இரண்டுக்கு இறங்கினார்.

"வீட்ல ஆள் குறைஞ்சு போச்சும்மா" என்றார்.

"அப்படியா? போன மாசம்தான் உங்க மருமகளுக்கு இரட்டைப் பிள்ளை பொறந்ததுன்னு சொன்னாங்க?"

"ஆமாமா, ரெண்டும் பால்தானே குடிக்குது" என்று சொல்லிக் குனிந்து கும்பிட்டுவிட்டு நழுவினார்.

தம்பியிடமே கேட்டேன். "டேய், இது டோஃபுவா, செங்கல்லா?"

"சாயுரி சரின்னுட்டாளே" என்றான் என் முகத்தைப் பார்க்காமல்.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, வடிகட்டும் துணிகளைக் காயப்போடப் பின்பக்கம் போனேன். வீட்டுக்குப் பின்னால் ஓடும் கால்வாய் ஓரத்தில் சாயுரி குந்தியிருந்தாள். கிண்ணத்தில் இருந்ததைக் கெண்டை மீன்களுக்குக் கொட்டிக்கொண்டிருந்தாள். மீன்கள் பூசணிக்காய் மாதிரிக் கொழுத்திருந்தன.

"அடிப்பாவி! எத்தனை நாளா நடக்குது இது?"

அவள் பதறவில்லை. என்றைக்காவது மாட்டுவோம் என்று காத்திருந்தவள் போல மெல்ல எழுந்தாள்.

"ஏப்ரல்லேர்ந்து அக்கா. ஆஸ்பத்திரியில பக்கத்து நாற்காலியில ஒரு அம்மா சொன்னாங்க. சோயாவுல அந்த ஹார்மோன் மாதிரியே ஒண்ணு இருக்காம். என் மாதிரி கட்டிக்கு அதுதான் தீனியாம். நான் பொறந்ததுலேர்ந்து தின்னதே அதுதானே."

"டாக்டரைக் கேட்டியா?"

"சாப்பிடாதேன்னு சொல்லிட்டா? கேக்காத வரைக்கும் அது முடிவாகலை இல்லையா அக்கா."

"சரி, அவன்கிட்டயாவது சொல்லித் தொலைக்கக் கூடாதா?"

"அவர் வாழ்க்கை பூரா பண்ணின ஒரே பொருள். 'இது என்னைக் கொன்னுடும்'னு அவர் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்றது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுவது பிடிக்காததால் மீன்களைத் திட்டினேன். வெள்ளிக்கிழமை அவளுக்கு ஆஸ்பத்திரி நாள். நானும் வருவேன், அதுவரை தம்பியிடம் வாயைத் திறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தேன்.

அன்று மத்தியானமே அந்தச் சத்தியம் என்னைப் பாடாய்ப் படுத்தியது. தம்பி புதிதாக வேறொரு ரக சோயா மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தான். மே மாசத்திலிருந்து இது நாலாவது ரகம்.

"ஏண்டா இப்படி மாத்திக்கிட்டே இருக்கே?"

"அவ சாப்பிடறதில்லை அக்கா" என்றான் தணிந்த குரலில். "மே மாசமே பார்த்தேன். கால்வாயில கொட்டறா. என் கை அவ்வளவு மட்டமாயிடுச்சு. சொன்னா நான் நொந்துடுவேன்னு 'சரி'ங்கறா. அவ வாயில வைக்கிற மாதிரி ஒருநாள் வந்துடாதான்னுதான் மாத்தி மாத்திப் பாக்கறேன்."

இரண்டு பேரையும் ஒரே அறையில் போட்டுப் பூட்ட வேண்டும் போலிருந்தது. ஒருத்தி பயத்தை மறைக்கிறாள், இவன் நல்ல டோஃபுவை நாசமாக்கிக்கொண்டிருக்கிறான், ஊர் குனிந்து கும்பிட்டுக்கொண்டிருக்கிறது. அந்த மூன்று நாள் நான் வாயை மூடியிருந்ததற்கு எனக்கு யாராவது பட்டம் கொடுக்கலாம்.

வெள்ளிக்கிழமை டாக்டரம்மா சோதித்துப் பார்த்துவிட்டு, "நல்லா ஆறியிருக்கு. எப்படி இருக்கீங்க?" என்று கேட்டார்.

"உங்க புண்ணியத்துல நல்லா இருக்கேன்."

"வேற ஏதாவது கேக்கணுமா?"

"ஒண்ணுமில்லை டாக்டர்" என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஒண்ணுமில்லையா!" என்றேன். "உக்காருடி! டாக்டரம்மா, இவ டோஃபு கடைக்காரன் பொண்டாட்டி. ஏழு மாசமா டோஃபுன்னா விஷம்னு நினைச்சு மீனுக்குப் போட்டுக்கிட்டிருக்கா. திங்கலாமா, கூடாதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு, என்னை விட்டு சாயுரியின் பக்கம் திரும்பினார். "சாப்பிடலாம். சோயாவுல இருக்கிறது அந்த ஹார்மோன் மாதிரிதான், ஆனா வேலை செய்யறது ரொம்ப லேசா, வேற விதமா. சாப்பாட்டு அளவுல சோயா சாப்பிட்ட பெண்களுக்குக் கட்டி அதிகமாத் திரும்பி வந்ததா ஆராய்ச்சியில தெரியலை. நான் வேண்டாம்கிறது கடையில விக்கிற சோயாச் சத்து மாத்திரையும் பொடியும். அதுல அந்தச் சத்தைப் பிரிச்சு, செறிவாக்கி வச்சிருக்காங்க. என்னைக் கேக்காம அதைத் தொடாதீங்க. அதேபோல டோஃபு மருந்துன்னும் நினைச்சுடாதீங்க, மாத்திரையை நிறுத்தக் கூடாது. அது சாப்பாடு, அவ்வளவுதான்."

"ரெண்டு வேளை சாப்பிட்டா?" என்றாள் சாயுரி.

"மிசோ சூப்புல, பொரிச்சு, எப்படி வேணா தாராளமா. அப்பவே கேட்டிருக்கலாமே."

"உங்களுக்கு வேலை அதிகம்னு..." என்று இழுத்தாள். நான் என் தலையில் அடித்துக்கொண்டேன்.

ரயிலில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பி, வழியெல்லாம் சத்தமில்லாமல் அழுதாள். இறங்கும்போது, "நானே சொல்லிக்கறேன் அக்கா" என்றாள்.

மறுநாள் விடிந்ததும் தம்பி வழக்கம்போலக் கிண்ணத்தை நீட்டினான். அவள் உள்ளே போகவில்லை. அவன் முன்னாலேயே நின்று ஒரு வாய் எடுத்தாள், மென்றாள். இன்னொரு வாய் எடுத்தாள்.

"சகிக்கலை" என்றாள். "என்ன பண்ணி வச்சிருக்கீங்க? பழைய சோயா எங்கே?"

என் தம்பியின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். லாட்டரி விழுந்தவன்கூட அப்படிச் சிரித்திருக்க மாட்டான். "சகிக்கலையா? நிஜமாவா? எங்க தப்பு, பாலா, சூடா?" என்று அடுக்கிக்கொண்டே போனான்.

அவள் கிண்ணத்தைக் கீழே வைக்காமலே எல்லாவற்றையும் சொன்னாள். பக்கத்து நாற்காலி அம்மா, கட்டிக்குத் தீனி, கால்வாய், டாக்டர் சொன்ன பதில், ஒன்று விடாமல்.

"அப்ப என் கை கெட்டுப் போகலையா!" என்றான் அவன் முதலில், மடையன். அதற்கப்புறம்தான் அவனுக்கு உறைத்தது. சிரிப்பு நின்றது. சோயா மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டான்.

"தினமும் காலையில... உன்னைக் கொல்லுதுன்னு நினைச்சுக்கிட்டேவா என் கையிலேர்ந்து வாங்கினே?"

"ஆமா."

"வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே சாயுரி. ஏன் வாங்கினே?"

"நீங்க நீட்டினீங்களே" என்றாள் அவள், மூன்றாவது வாயை எடுத்துக்கொண்டே.