படத்துக்கு ஒரு கரட்

மதுசூதனன் என்ற அந்தப் போஷாக்கு அதிகாரி வாழ்நாளில் ஒரு குழந்தைக்காவது சோறு ஊட்டியிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம். கொழும்பிலிருந்து பேனரும் கேமராவுமாக வந்தவர், சப்பாத்துச் சேற்றை எங்கள் பாயில் துடைத்தார். பிள்ளைகள் தவழும் பாய்.

பதினெட்டு வருடமாக இந்தத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் நான்தான் ஆயா. தாய்மார் கொழுந்து பறிக்கப் போனால் பிள்ளைகள் என் பொறுப்பு. ஜீவராணியின் மகன் மதுரனுக்கு எட்டு மாதம். அன்றுதான் அவனுக்கு முதல் கரட். அவித்து, கட்டியில்லாமல் மசித்து வைத்திருந்தேன்.

அதிகாரி கிண்ணத்தைப் பார்த்து முகம் சுளித்தார். "இதப் படம் எடுத்தா என்னன்னே தெரியாது. கலரா ஒண்ணு புள்ள கையில குடுங்க." அவிக்காத கரட்டைத் தானே வட்டமாக வெட்டினார். பெரிய சமையல்காரர்!

"ஐயா, பல்லே ரெண்டுதான் மொளைச்சிருக்கு. தொண்டையில சிக்கிக்கிரும்."

பக்கத்தில் தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கர் சோலைமலை நின்றார். அவருக்கு முதுகெலும்பு இருந்து நான் பார்த்ததில்லை. "பரிமளம், ஐயா சொல்றாருல்ல? குடு."

கொடுத்தேன். இத்தனை வருடம் தாய்மாருக்குப் புத்தி சொன்ன வாயை மூடிக்கொண்டு கொடுத்தேன். வேலை போய்விடுமே என்ற பயம்.

கேமரா இரண்டு முறை மின்னியது. மதுரன் துண்டை வாயில் போட்டான். இருமவில்லை, அழவில்லை. முகம் நீலமானது. அவனைக் கையில் குப்புறப் போட்டு, தலையைத் தாழ்த்தி, முதுகில் ஓங்கித் தட்டினேன். ஐந்தாவது தட்டில் துண்டு பாயில் விழுந்தது. பிறகுதான் அழுதான்.

"நல்லவேளை, படம் முதலே எடுத்தாச்சு" என்றார் அதிகாரி. கிளாக்கர் தலையாட்டினார். இந்த இரண்டு பேருக்கும் பெற்றவள் கொடுத்த பால் வீண்.

பத்து மணிக்குப் பால் கொடுக்க ஓடிவந்த ஜீவராணி, பேனரைப் பார்த்துவிட்டு அதிகாரியைக் கும்பிட்டாள். "புள்ளைக்கு மரக்கறி குடுத்தீங்களா, ஐயா?" அவர் பெருமையாகச் சிரித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. துண்டை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

"இது ஒம் புள்ள தொண்டையில இருந்து வந்துச்சு. வெட்டுனது அவரு. குடுத்தது நான்."

அவரைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என்னைத்தான் பார்த்தாள்.

மறுநாள் வேலைக்குப் போகுமுன் பிள்ளையோடு ஒரு சின்ன டப்பாவையும் நீட்டினாள். "கரட் மசிச்சிருக்கேன். இதத் தவிர வேற ஒன்னும் குடுக்காதீங்க, அக்கா. யாரு சொன்னாலும்."

திறந்து பார்த்தேன். ஒரு கட்டிகூட இல்லை. நான் சொல்லிக்கொடுத்தபடியே மசித்திருந்தாள்.