நுண்ணோக்கிக்கு நெற்றி எது?

1.

இந்தக் கதை ஒரு வாட்ஸாப் படத்தில் பிறந்தது. ஏதோ ஒரு கல்லூரிக்குப் புதிதாக வந்த கருவி. அதன் கண்ணாடியில் குங்குமப் பொட்டு. பார்த்ததும் சிரித்தேன். படத்தின் ஓரத்தில் ஒரு பெண் சிரிக்காமல் நின்றிருந்தாள். அவளை எழுதாமல் இருக்க முடியவில்லை.

2.

அவளுக்கு ஹுமேரா என்று பெயர் வைத்தேன். கோவையில் ஒரு பல்கலைக்கழகத்தில் தடய அறிவியல் உதவிப் பேராசிரியர். இரண்டு குண்டுகள் ஒரே துப்பாக்கியிலிருந்து வந்தவையா என்று அருகருகே வைத்துப் பார்க்கும் ஒப்பீட்டு நுண்ணோக்கியை அவளுடைய மாணவர்கள் இதுவரை புத்தகப் படத்தில் மட்டுமே— (நிதி விண்ணப்பம் மாதிரி ஆகிவிட்டது. விட்டுவிடுகிறேன்.)

விஷயம் இதுதான். அரசு நிதி வரவில்லை. பம்பு ஆலை முதலாளி பொங்கியண்ணன் நுண்ணோக்கியை வாங்கிக் கொடுத்தார். விஷம் கண்டுபிடிக்கும் இன்னொரு கருவிக்கும் பூஜை முடிந்ததும் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். தங்கமான மனிதர். பொட்டு வைக்காமல் ஒரு லேத்தைக்கூட ஓட்டியதில்லை.*

இன்று காலை சந்தனக் கிண்ணத்தோடு ஆய்வுக்கூடத்துக்கே வந்துவிட்டார்.

"ஏனுங்க அம்மணி, இதுக்கு நெத்தி எதுங்க?"

கேட்டுக்கொண்டே அவருடைய விரல் லென்ஸை நோக்கிப் போனது. ஹுமேராவுக்குத் தெரியும்: சந்தனம் பட்டால் லென்ஸின் பூச்சு போய்விடும். குங்குமம் உள்ளே இறங்கினால் இனி வைக்கிற ஒவ்வொரு தடயத்திலும் சிவப்புத் துகள்தான். 'வேண்டாங்க' என்றால் போதும். ஆனால் சுற்றிலும் செல்போன்கள். முக்காடு போட்டவள் பொட்டு வைக்கவிடவில்லை என்று சாயங்காலத்துக்குள் உக்கடத்திலிருந்து கோபி வரை சுற்றிவிடும்.

(*லாரிக்கும் லேத்துக்கும் பொட்டு எங்கே என்று இந்தப் பக்கம் யாரும் கேட்பதில்லை. இது புதுசு, பாவம்.)

3.

எனக்கே பயம் வந்துவிட்டது. பெயரைப் பிரவீனா என்று மாற்றிப் பார்த்தேன்.

"கண்ணாடி மேல வேண்டாங்கய்யா, கெட்டுப்போயிருமுங்க."

"அட, நல்லவேளை சொன்னீங்க கண்ணு!"

அவ்வளவுதான், கதை முடிந்துவிட்டது. வெட்கமாக இருந்தது. பழைய பெயரையே திரும்ப வைத்தேன்.

4.

இன்னொரு முடிவு: ஹுமேரா கண்ணைக் காட்ட, பக்கத்தில் நிற்கும் மாணவி சொல்லிவிடுகிறாள். (அடித்துப்போட்ட பெயரை வீணாக்குவானேன்? அவள்தான் பிரவீனா.) லென்ஸும் தப்பியது, கையெழுத்தும் கிடைத்தது. ஆனால் "எதிரே யார் நின்னாலும் கண்டதைச் சொல்லோணும்" என்று சாட்சிக்கூண்டுப் பாடம் எடுப்பவள் ஹுமேரா. நாளைக்கு எந்த முகத்தோடு அந்த வகுப்புக்குப் போவாள்? இந்த முடிவை அவளே ஒப்பவில்லை.

"ஐயா..." என்கிறாள்.

பொங்கியண்ணன் திரும்புகிறார். "சொல்லுங்க கண்ணு."

அவள் சொல்லப்போவது எனக்குத் தெரியும். பிரவீனா சொன்ன அதே வாக்கியம், ஓர் எழுத்துகூட மாறாது. அந்தக் கூடம் அதை எப்படிக் கேட்கும் என்பதுதான் தெரியவில்லை. நீங்களும் அந்தக் கூடத்தில்தான் நிற்கிறீர்கள்.

சொல்லிவிட்டாள். உங்கள் காதில் என்ன விழுந்தது?