ஆடிப்பதினெட்டில் இலத்தீன்

என் வீட்டுக்காரருக்குச் சமையலில் தோசை வரைக்கும் தெரியும். ஸ்கூட்டருக்கு பெட்ரோல் போட ஒருநாளும் ஞாபகம் இருக்காது. ஆனால் இலத்தீன் தெரியும். அதை வைத்துக்கொண்டு சிவகாசியில் என்ன செய்வது என்று யாராவது எனக்குச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

ஜெயசுந்தர் பாதிரியாராவதற்காகச் செமினரியில் ஏழு வருஷம் படித்தவர். குருப்பட்டம் வாங்குவதற்குக் கொஞ்ச காலமே இருக்கும்போது பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அதற்குப் பிறகுதான் எனக்கு அவரைத் தெரியும். ஆனாலும் காரியாபட்டிப் பக்கம் அவருடைய சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷத்துக்குப் போனால் இன்றைக்கும் யாராவது ஒருத்தர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "சாமியாராக வேண்டிய பிள்ளை" என்று பெருமூச்சு விடுவார். நான்தான் பீடத்திலிருந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்த மாதிரி.

ஏன் வெளியே வந்தார் என்று நான் கேட்டதில்லை. கேட்டு, வந்தது தப்பு என்று அவர் சொல்லிவிட்டால் நானும் பிள்ளையும் எங்கே போய் நிற்பது? அந்தப் பயம் கல்யாணமான நாளிலிருந்து எனக்கு உள்ளுக்குள் இருந்தது. ஆஸ்பத்திரியில் எத்தனையோ தீக்காயத்துக்கு மருந்து போட்டுக் கட்டுகிற எனக்கு, இதை மட்டும் தொட்டுப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

இப்போது அவர் ஓர் அச்சகத்தில் காலண்டருக்கும் டைரிக்கும் பிழை திருத்துகிறார். எங்கள் ஊரில் அடுத்த வருஷம் ஆடிப்பதினெட்டிலேயே பிறந்துவிடும். ஆடியில் ஊர் உலகமே புதுசாக எதையும் தொடங்காது. அச்சகங்களில் மட்டும் அன்றைக்குத்தான் புதுக் காலண்டர் ஆல்பத்துக்குப் பூஜை போட்டு ஆர்டர் பிடிக்கத் தொடங்குவார்கள். இந்த ஆடிப்பதினெட்டுக்கு அவர் ஆல்பத்தோடும் பொரிகடலையோடும் வந்து, "பூரணி, இன்னைக்கு ரீனாவுக்கு இலத்தீன் ஆரம்பிக்கேன்" என்றார். சிவகாசிக்காரருக்குத்தான் இப்படி நாள் பார்க்கத் தோன்றும்.

எங்கள் மகள் ரீனாவுக்கு அப்போதுதான் ஆறு வயசு முடிந்திருந்தது.

"அவ இன்னும் றகரத்தையே ஒழுங்கா எழுதல. அதுக்குள்ள உங்களுக்கு என்ன அவசரம்?" என்றேன்.

"எழுத யாரு சொன்னா? ஒரு வருஷத்துக்குப் பொஸ்தகமே கிடையாது. காதும் வாயும் போதும்."

"அப்ப பெருசானபிறகு சொல்லிக் குடுங்க."

"பெருசானா வெக்கம் வந்துரும். பால்பல்லு விளுகுததுக்குள்ள நாக்குக்குப் பழகிரணும்."

பல் டாக்டர் மாதிரிப் பேசுகிறாரே என்று கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது. சிரித்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார் என்று அடுப்படிக்குப் போய்விட்டேன். நான் போனதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு விட்டார்.

அவர் சொல்லிக் கொடுத்த விதத்தையும் சொல்ல வேண்டும். மேஜை, நாற்காலி, பிரம்பு ஒன்றும் கிடையாது. தண்ணீர் ஊற்றும்போது தண்ணீருக்கு உண்டான சொல், தோசை திருப்பும்போது அதற்கு ஒரு சொல். தப்பாகச் சொன்னால் திருத்த மாட்டார். அவர் சரியாகச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருப்பார். நாளெல்லாம் அடுத்தவர் பிழையைத் தேடுகிறவர் வீட்டில் அதைக் கண்டுகொள்ளாமல் இருந்ததுதான் எனக்கு ஆச்சரியம். பிள்ளை இன்னும் வேண்டும் என்று கேட்கும்போதே, "நாளைக்கு" என்று எழுந்துவிடுவார். அவளும் மறுநாள் அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் காலைக் கட்டிக்கொள்வாள்.

இதெல்லாம் நான் ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்தது. மற்ற நாள் நான் வந்து சேர்வதற்குள் பாடம் முடிந்திருக்கும். தீபாவளி சீசன் வந்துவிட்டால் ஆஸ்பத்திரியில் டியூட்டி நீளும். வெளியே வந்தால் பட்டாசுக் கம்பெனி வேன்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கும். கால் இரண்டும் கழன்று விழுகிற மாதிரி வாசலுக்கு வருவேன். ரீனா ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டு கணீரென்று சொல்வாள்:

"ஃபெஸ்ஸா எஸ். சேதே. சேனேமுஸ்."

எனக்கு இலத்தீன் என்றால் கோவில்தான். செருப்பை உதறிவிட்டு, பக்தியாகச் சிலுவை போட்டு, "ஆமென்" என்பேன். உள்ளேயிருந்து அவர் இருமுவது கேட்கும். தினமும் அதே ஜெபம், தினமும் என் ஆமென், தினமும் அவருடைய இருமல். தோசைப் புகை என்றுதான் நான் நினைத்தேன். கூடவே, மனுஷர் வீட்டையே செமினரியாக்கிவிட்டாரே, விட்டுவிட்டு வந்ததற்கு இப்போது ஏங்குகிறாரோ என்றும் மனசு அரிக்கும்.

தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு நாள் வாசலில் பெரிய ஒரு ஜோடி செருப்பு கிடந்தது. எட்டிப் பார்த்தேன். செமினரியில் இவரோடு ஒரே பெஞ்சில் படித்த ஃபாதர் ராஜசிங் உட்கார்ந்திருந்தார். என் வீட்டுக்காரர் அவருடைய வெள்ளை அங்கியின் கையைத் தடவிப் பார்த்து, "நல்லாத் தச்சிருக்காகளே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றேன்.

அதற்குள் ரீனா ஓடி வந்து வழக்கம்போல் சொன்னாள். சாமியார் வேறு பார்க்கிறார். எப்போதையும்விட நன்றாகக் குனிந்து சிலுவை போட்டு, "ஆமென்" என்றேன்.

ஃபாதர் ராஜசிங் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த காபி அங்கியில் கொட்டியது. என் வீட்டுக்காரர் சிரிப்பை மறைக்கத் தலையைக் குனிந்துகொண்டு இருமினார். ரீனா குதித்தாள்.

"என்ன ஃபாதர்? ஜெபத்துக்குப் போயி சிரிக்கீக?"

"ஜெபமா! ஏம்மா, 'களைச்சுப் போயிருக்க. உக்காரு. சாப்பிடுவோம்'னுல பிள்ளை சொல்லுதா!"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இத்தனை நாளாகத் தகப்பனும் மகளும் சேர்ந்து என்னை வைத்து வேடிக்கை பார்த்திருக்கிறார்கள்! ஃபாதருக்கு முன்னால் திட்ட முடியாமல் அடுப்படிக்குப் போனேன். அங்கே மூன்று தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது. நான் வராமல் அவர்கள் ஒரு நாளும் சாப்பிட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

ஃபாதர் கிளம்பிப் போனதும் கேட்டே விட்டேன். "அந்த அங்கியப் பாத்தா உங்களுக்கு ஏக்கமா இருக்கா? வெளிய வந்தது தப்புன்னு நெனைக்கீகளா?"

தோசைக்கல்லில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தவர், அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினார்.

"அங்கன ஏளு வருசம் இந்தப் பாஷையில சாமிகிட்ட மன்னிப்புக் கேக்கத்தான் படிச்சேன், பூரணி. களைச்சுப் போயிருக்கியே, உக்காருன்னு நான் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல. எங்கிட்டயும் யாரும் சொன்னதில்ல. அதைச் சொல்லுததுக்கு ஒரு வீடு வேணும்னுதான் வந்தேன்."

"அதைத் தமிள்ல சொன்னா ஆகாதோ?"

"தமிள்ல சொன்னா, உக்காந்தா வேலையை யாரு பாக்கன்னு சண்டைக்கு வருவ. இதுக்கு ஆமென் சொல்லுத."

அவர் சொன்னது உண்மைதான். அழுதுகொண்டே சிரித்தேன்.

மறுநாளும் வேன் நெரிசல்தான், மறுநாளும் கால் வலிதான். ரீனா ஓடி வந்து கையைப் பிடித்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். உள்ளே இருமல் சத்தம் இல்லை. தோசைக்கல் சத்தம் மட்டும் கேட்டது.

நெற்றியிலும் நெஞ்சிலும் இரண்டு தோளிலும் நிதானமாகச் சிலுவை போட்டேன். அர்த்தம் தெரிந்து, அவர் காதில் விழுகிற மாதிரி உரக்க, "ஆமென்" என்றேன். பிறகு, பிள்ளை சொன்னபடி உட்கார்ந்தேன்.