கழற்றி வைத்த சிலிண்டர்

பஸ்ஸின் வயரிங்கில் கோளாறு, எப்போது வேண்டுமானாலும் தீப்பிடிக்கலாம் என்று சொல்லி, விற்ற பஸ்களையெல்லாம் கம்பெனி திரும்பக் கேட்டிருந்தது. பயணிகளை ஏற்றவே கூடாதாம். ஆனால் தொழிற்சாலை வரை ஓட்டிப்போக டிரைவர் மட்டும் வேண்டுமாம். டிரைவர் என்றால் மனுஷக் கணக்கில் சேர்த்தியில்லை போலிருக்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டே அவள் பஸ்ஸில் ஏறினாள். சீட்டுக்குப் பின்னால் தீயணைப்பு சிலிண்டரைக் காணோம்.

"சார், சிலிண்டர் எங்க?"

"கழட்டி வெச்சாச்சும்மா" என்றார் டிப்போ மேனேஜர். "வண்டி வெளி ஒர்க்‌ஷாப்புக்குப் போனா, கழட்டுற சாமானையெல்லாம் கழட்டிட்டுத்தானே அனுப்புவோம்? அங்க எவனாவது சுட்டுட்டா யாரு பதில் சொல்றது?"

"தீப்பிடிக்கும்னுதானே சார் வண்டியையே அனுப்புறீங்க?"

"அதுக்கென்ன, நான்தான் பின்னாடியே கார்ல வரேனே!"

இந்த மண்டைக்கு ஒரு நாற்காலி, அந்த நாற்காலிக்கு ஒரு கார் என்று முணுமுணுத்தபடி அவள் வண்டியை எடுத்தாள். கேட்டருகே மேனேஜரின் கார் நின்றிருந்தது. கழற்றிய சிலிண்டரைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு, அவர் தன் டிரைவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்:

"ரொம்பக் கிட்டப் போயிடாதப்பா, நமக்கும் பத்திக்கும்."