பாதித் தலையில் வந்த அழைப்பு

தீயணைப்பு நிலையத்தில் அவனுக்கு ஏணி என்று பெயர். அவ்வளவு உயரம். புகை மண்டிய மாடியிலிருந்து ஆளைத் தோளில் போட்டு இறக்கியவன். ஆனால் தங்கையின் தலைமுடியைச் சுருட்டிவிடச் சொன்னதும் அவனுக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது.

தங்கையை வீட்டில் வாலு என்பார்கள். மறுநாள் காலை அவளுக்குக் கல்யாணம். பதிவு அலுவலகத்தில் கையெழுத்து, வேண்டியவர்களோடு சாப்பாடு, சாயங்காலம் மாப்பிள்ளைக்கு வேலை மாற்றலான தூரத்து ஊருக்கு ரயில். இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடி, மழைக்கம்பி மாதிரி நேராக விழும். அன்று ஒருநாளாவது அது அலை அலையாகத் தொங்க வேண்டுமென்று ஒற்றைக் காலில் நின்றாள்.

போன மாதமே அதற்கு ஒத்திகை நடந்தது. சிநேகிதியிடம் முடி சுருட்டும் மெஷினை இரவல் வாங்கி வந்து, கண்ணாடி முன்னால் நின்று முடியைச் சுற்றினாள். கொத்தாகக் கருகிற்று. நாற்றம் மூக்கில் ஏறியதுதான் தாமதம், குளியலறையிலிருந்த ஏணி வாளித் தண்ணீரோடு பாய்ந்து வந்து அவள் மேல், கண்ணாடி மேல், கட்டில் மேல் கொட்டிவிட்டான். கருகிய நுனியை ஒரு சாண் வெட்ட வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு அந்த வீட்டில் சூடான எதையும் தலைக்கருகே கொண்டுபோகக் கூடாதென்று சட்டம்.

“சூடே வேண்டாம்டி. துணியில சுத்தி வச்சுட்டுப் படு, காலையில தானா சுருண்டிருக்கும்” என்றாள் அண்ணி. அவளுக்கு அது கைவந்த கலை. என்ன செய்ய, முந்தின வாரம்தான் வழுக்கி விழுந்து வலது கையில் மாவுக்கட்டு. ஆகவே வாய் அண்ணியுடையது, கை அண்ணனுடையது என்று முடிவாயிற்று.

ஏணியின் பழைய பனியன்கள் பட்டை பட்டையாகக் கிழிபட்டன. வாலு தரையில் உட்கார்ந்தாள். அவன் பின்னால் நாற்காலியில்.

“சொட்டச் சொட்ட இருக்கக் கூடாதுங்க. ஈரமா இருக்கறப்ப முடி சீக்கிரம் அறுந்துரும். இப்படி லேசான ஈரம் போதும்” என்றாள் அண்ணி. “அடியிலேருந்து சிக்கு எடுங்க. மேலேருந்து இழுக்காதீங்க.”

“இழுக்கலையே.”

“அண்ணா, நீ இன்னும் தொடவே இல்ல” என்றாள் வாலு.

ஒரு பிடி முடியை எடுத்து, நுனியைப் பனியன் பட்டையில் வைத்து, உள்ளங்கையில் குருவிக்குஞ்சு இருப்பதுபோல மெல்லச் சுற்றிக்கொண்டு போனான். காதருகே வந்ததும் பட்டையின் இரு முனைகளையும் முடிச்சுப் போட்டான். முதல் சுருள் பொத்தென்று அவிழ்ந்தது. இரண்டாவது நின்றது.

“பரவால்லையே!” என்றாள் அண்ணி.

அவனுக்கு வாய் கொள்ளாத சிரிப்பு. அந்தத் தைரியத்தில் வாலு கேட்டுவிட்டாள். “ஏன்ணா, அவர்கிட்ட நீ முகம் கொடுத்தே பேச மாட்டேங்கற?”

மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். ஒருநாள் வாலு தான் வேலை பார்க்கும் கட்டடத்தில் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு அழுதபடி அண்ணனுக்குப் போன் செய்தாள். ஏணி மணியடித்துக்கொண்டு வண்டியோடு போய் இறங்கியபோது கதவைத் திறந்து, அவளுக்குக் குடிக்கத் தண்ணீரும் கொடுத்துக்கொண்டிருந்தான் அந்த மெலிந்த பையன். காதல் அங்கே முளைத்தது. ஏணியின் மனத்தாங்கலும் அங்கேதான்.

“முகம் கொடுக்காம என்ன” என்று முனகினான் ஏணி. “நான் வர்ற வரைக்கும் பொறுத்திருக்கலாம் இல்ல அவன்?”

“நான் உள்ள மூச்சு முட்டிக்கிட்டிருந்தேன்!”

“அதான் வந்துட்டிருந்தேனே.”

அண்ணி சிரிப்பை அடக்க மாவுக்கட்டால் வாயை மறைத்துக்கொண்டாள். ஏணி அடுத்த பிடியை எடுத்தான். அதைச் சுற்றி முடிச்சுப் போட்டான். அப்புறம், “அவ்வளவு தூரம் கூட்டிட்டுப் போறானே” என்று அவள் உச்சந்தலையைப் பார்த்துச் சொன்னான். வாலு அவன் பக்கம் திரும்ப முயன்றாள். “ஆடாதே, அவிழ்ந்துரும்” என்று தலையைப் பிடித்து நேராக வைத்தான்.

இடப்பக்கம் முடிந்தபோது போன் அடித்தது. பஞ்சுக் கிடங்கில் தீ. விடுப்பில் இருப்பவர்களும் வர வேண்டும்.

ஏணி எழுந்து சட்டையை மாட்டினான். வாசல்வரை போனவன் திரும்பிப் பார்த்தான். தங்கையின் தலையில் ஒரு பக்கம் பனியன் முடிச்சுகள், மறுபக்கம் காய்ந்துகொண்டிருக்கும் முடி. போனை எடுத்தான்.

“ஹலோ… மாப்ள.” அந்தச் சொல் அவன் வாயிலிருந்து வருவது அதுதான் முதல் தடவை. “உடனே வீட்டுக்கு வாங்க. யாருக்கும் ஒண்ணும் இல்ல. வாலுவுக்குப் பாதித் தலை பாக்கி இருக்கு. கையைச் சுத்தமா கழுவிட்டு உட்காருங்க. இழுக்கக் கூடாது, ஆமா.”

பஞ்சு லேசில் அணைகிற சாமானா? மேலே அணைந்தால் உள்ளே கனன்றுகொண்டிருக்கும். புரட்டிப் புரட்டி நனைத்து முடிக்கையில் கிழக்கு வெளுத்துவிட்டது. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை.

வீட்டுக்கு வந்து, கரி போக இரண்டு தரம் கை கழுவினான். வாலு அதே இடத்தில் உட்கார்ந்து காத்திருந்தாள்.

“நீங்க வந்துதான் அவிழ்க்கணுமாம். யாரையும் தொட விடல” என்றாள் அண்ணி. “நல்லா காஞ்சிருக்கான்னு பாத்துக்கிட்டு அவிழுங்க. சீப்பு ஆகாது. ஒரு துளி எண்ணெயை விரல்ல தேச்சுக் கோதினா போதும்.”

மாப்பிள்ளை சுற்றிய வலப்பக்கத்தை முதலில் அவிழ்த்தான். சுருள் சுருளாக, கச்சிதமாக இறங்கியது முடி. அவன் சுற்றிய இடப்பக்கமோ ஏதோ சோம்பேறி அலை மாதிரி தொளதொளவென்று தொங்கியது. ஏணியின் முகம் விழுந்துவிட்டது.

“அவர் பக்கம்தான் நல்லா வந்திருக்கு” என்றான். வலிக்கத்தான் செய்தது, ஆனாலும் சொன்னான்.

“அவர் பக்கம் கெட்டியா, முடிச்சு முடிச்சா உறுத்துச்சுண்ணா” என்றாள் வாலு. “உன் பக்கம்தான் மெத்து மெத்துன்னு இருந்துச்சு. ராத்திரி முழுக்க அந்தப் பக்கமாவே படுத்துத் தூங்கினேன். அமுங்காம என்ன பண்ணும்?”

ஏணி எண்ணெய்ப் பாட்டிலை எதற்கோ திறந்து திறந்து மூடினான். “நேரமாச்சு, கிளம்பு” என்றான் கடைசியில்.

இடப்பக்கத்தைக் கொஞ்சம் சரிசெய்யலாமென்று அண்ணி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். வாலு அசையவில்லை. ஒரு பக்கம் சுருளும் ஒரு பக்கம் அலையுமாகவே போய்க் கையெழுத்துப் போட்டாள். புகைப்படக்காரர் ஒருக்களித்து நிற்கச் சொன்னபோதும், நேராகவே நின்றாள்.

சாயங்காலம் ரயில் நகரத் தொடங்கியது. ஜன்னலோரம் வாலு அழுதுகொண்டிருந்தாள். ஏணி பெட்டியோடு கூடவே நடந்தான். உள்ளே குனிந்து, “மாப்ள, ஈரத் தலையோட அவசரமா சீவுவா. விட்டுராதீங்க” என்றான்.

“சரிங்க மச்சான்” என்றான் மாப்பிள்ளை.

“அடியிலேருந்து சிக்கு எடுக்கச் சொல்லுங்க!”

ரயில் வேகம் பிடித்தது. ஏணி நடைமேடையின் கோடிவரை போய் நின்றான்.