நூற்று முப்பது நொடி

ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்பவள் லிடியா. காண்டிராக்ட் வேலைதான். திங்கட்கிழமை காலை எச்.ஆர். மேனேஜர் வெங்கடேசன் அவளைக் கூப்பிட்டு, ஒரு மெயில் சரியாக எத்தனை மணிக்கு வந்தது என்று கேட்டார்.

மெயில் செந்தாமரையுடையது. பிரஸ் மெஷினில் வலது கையில் இரண்டு விரலை இழந்தவள். பாதுகாப்பு சென்சாரை அவளே கழற்றிவிட்டதாகக் கம்பெனி நோட்டீஸ் கொடுத்திருந்தது. சனிக்கிழமை ஐந்து மணிக்குள் மெயிலில் பதில் வராவிட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக அர்த்தம்.

லிடியா சர்வரின் நேரப் பதிவான லாக்கைத் திறந்தாள். எச்.ஆர். மெயில் பெட்டியில் விழுந்த நேரம் 5:02:11. சர்வரில் காத்திருந்தது 130 நொடி. கழித்தாள். 5:00:01.

"ஒரு செகண்டு லேட் சார்."

வெங்கடேசன் அதை எழுதி அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

மதியம் கேன்டீனில் தட்டின் முன் உட்கார்ந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. அந்த சர்வர் தாமதத்தை முழுசாக எழுதாது. முதல் இரண்டு இலக்கத்தை வைத்துக்கொண்டு மிச்சத்தை ரவுண்டு செய்துவிடும். கை கழுவாமல் ஓடினாள். மெயில் சர்வருக்குள் நுழைந்த நேரம் லாக்கில் தனி வரியாக இருந்தது: 4:59:57. காத்திருந்தது நூற்று முப்பத்து நாலு நொடி.

"சார், நான் போட்ட கணக்கு தப்பு. அவங்க டயத்துக்குத்தான் அனுப்பியிருக்காங்க."

வெங்கடேசன் நிமிரவில்லை. "டிஸ்மிஸ் லெட்டர் குடுத்தாச்சும்மா. நீ கையெழுத்து போட்ட பேப்பர் ஹெட் ஆபீஸ் போயாச்சு. இப்ப தப்புன்னா, யாரோட தப்பு?"

பேப்பரை ஒதுக்கிவிட்டு அவரே கேட்டார்.

"அந்த லாக் எத்தினி நாள் இருக்கும்?"

"முப்பது நாள் சார்."

"இருந்தே ஆகணுமா? அடுத்த மாசம் உன் காண்டிராக்ட் ரின்யூவல் வேற வருது."

சீட்டுக்குத் திரும்பி வந்தாள். சனிக்கிழமை லாக்கை அழிக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸுக்குப் போகும்போது, கேட்டில் ஐ.டி. கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நின்றிருந்தாள் செந்தாமரை. கையில் கட்டு.

"யக்கா, நீங்கதான் டைம் பாத்தீங்களாமே? இடது கையால ஒவ்வொரு எழுத்தா அடிச்சிக்கினு இருந்தேன்கா. மணி பாத்துதான் அனுப்பினேன். அஞ்சு ஆவல. நெஜமாவே லேட்டாக்கா?"

லிடியா அவள் கட்டைப் பார்த்தாள்.

"ஒரு செகண்டுதான். ஆனா லேட்டு."

"அப்ப என் தப்புதான்" என்றாள் செந்தாமரை. "உங்கள இன்னா சொல்றது."

டிரைவர் ஹாரன் அடித்தார். லிடியா ஏறி, கேட் தெரியாத பக்கமாக ஒரு சீட்டில் உட்கார்ந்தாள்.