ப்ரூனோவின் தடுப்பூசிச் சீட்டு

நாய்களோடு எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களைத்தான் சகிக்க முடிவதில்லை. அந்தக் கயிற்றையும் உள்ளே வந்த ஐந்தாவது நிமிடத்தில் அவிழ்த்துவிட்டு, "இது ஒண்ணும் பண்ணாது" என்பார்கள். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் பழைய அரிசிக் கிடங்கு ஒன்றின் பின்முற்றத்தை டென்ட் மைதானமாக்கி வைத்திருக்கிறது எங்கள் கரையோரக் கமிட்டி. காயலைப் பார்த்தபடி பன்னிரண்டு டென்ட் போடலாம். அங்கே காவல், கூட்டிப் பெருக்குவது, ரெஜிஸ்டர் எழுதுவது எல்லாம் நான்தான். மூன்று வருடமாக இந்த வேலை.

நாயோடு வருகிறவர்களுக்கு வாசலில் ஒரு போர்டு உண்டு. நாயைக் கட்டியே வைக்க வேண்டும். அது அசிங்கம் செய்தால் கொண்டுவந்தவர் அள்ள வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி போட்ட சீட்டை வாசலிலேயே காட்ட வேண்டும். சீட்டைப் பார்த்துவிட்டு ரெஜிஸ்டரின் கடைசிக் கட்டத்தில் "பார்த்தேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது என் பொறுப்பு. பார்க்காமல் எழுதியதற்காக எனக்கு முன்னால் இருந்தவளை சூப்பர்வைசர் முத்துவேல் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அதனால்தான் இந்த வேலை எனக்குக் கிடைத்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஹரிஷங்கர் காரில் வந்தார். ஐம்பது வயதிருக்கும், தனி ஆள். பின்சீட்டில் ஒரு கறுப்பு லாப்ரடார், பெயர் ப்ரூனோ. காதுக்குக் கீழே ஆறிப்போன காயம் ஒன்று, முடி இல்லாமல் சொட்டையாகத் தெரிந்தது. சீட்டைக் கேட்டேன்.

"அது போன்லன்னா இருக்கு. சார்ஜ் போயிடுத்து. அப்பறமா காட்டறேன்" என்றார்.

"சீட்டைப் பாக்காம உள்ள விட முடியாது சார்."

"அட, நீ தமிழா? எந்த ஊரு?"

"நான் பொறந்ததெல்லாம் இங்கதான் சார். அப்பா திண்டுக்கல் பக்கம். முனிசிபாலிட்டில இருந்தாரு. ராக்கப்பன்."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "ராக்கப்பனா? நாங்க இங்க கோவில் பக்கம் குடியிருந்தப்போ எங்க தெருவுக்கு வருவாரே. நெட்டையா, காதுல கடுக்கன் போட்டுண்டு. நல்ல மனுஷன்."

அப்பா இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. எங்கள் லைன் வீட்டைத் தாண்டி அவர் பெயர் யாருக்காவது ஞாபகம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. அவர் குப்பை அள்ளிய தெருக்காரர் ஒருவர், கார் வைத்திருப்பவர், அவரைக் கடுக்கனோடு ஞாபகம் வைத்திருக்கிறார். ரெஜிஸ்டரைத் திறந்து "பார்த்தேன்" என்று எழுதினேன். சாயங்காலம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாயின் கிண்ணத்தில் நல்ல தண்ணீரும் ஊற்றி வைத்தேன். சாயங்காலம் கேட்டபோது, சார்ஜர் வீட்டிலேயே தங்கிவிட்டது என்றார்.

சனிக்கிழமை காலையில் அபிலாஷும் ஷைலஜாவும் வந்து அவருக்குப் பக்கத்தில் டென்ட் போட்டார்கள். அபிலாஷ் காயலுக்கு அக்கரையில், எர்ணாகுளம் கலூரில் பிரைவேட் பஸ் கண்டக்டர். அவர்களுக்கு ஒரே பெண், லச்சு, ஐந்து வயது. டென்டில் படுத்துத் தூங்க வேண்டும் என்று அது ஒரு மாதமாக அடம் பிடித்திருக்கிறது. கலூரிலிருந்து மட்டாஞ்சேரி ஒரு தூரமா? ஆனால் அந்தக் குழந்தை வெளிநாடு வந்ததுபோல ஒவ்வொரு டென்டாக எண்ணிக்கொண்டு திரிந்தது.

பத்து மணிக்கெல்லாம் ப்ரூனோவின் கயிறு அவிழ்ந்துவிட்டது. அது நேராகப் போய் ஷைலஜா அடுப்பு வைத்திருந்த இடத்துக்கு அருகில் அசிங்கம் செய்தது. ஹரிஷங்கர் மடக்கு நாற்காலியில் சாய்ந்து, சத்தமாகப் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். சார்ஜ் இல்லாத அதே போனில்தான். ஷைலஜா போய்ச் சொன்னாள். அவர் தலையைக்கூடத் திருப்பவில்லை.

"சேச்சி, நீங்களாவது சொல்லுங்க. சோறு பொங்குற எடம்" என்று என்னிடம் வந்தாள்.

நான் சொன்னேன். நன்றாகவே சொன்னேன். என் குரல் படகுத்துறை வரைக்கும் கேட்டிருக்கும். "போர்டுல எழுதியிருக்கிறத படிக்கத் தெரியாதா சார்? உங்க நாயி, நீங்கதான் அள்ளணும்."

"சும்மா கத்தாதே. நீ இருக்கியே அதுக்கு. உங்கப்பன் இருந்தா வாயைத் தொறக்காம அள்ளிண்டு போயிருப்பான்."

நேற்று "நல்ல மனுஷன்" ஆக இருந்த அப்பா ஒரே ராத்திரியில் "அவன்" ஆகிவிட்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இருந்தாலும் நான்தான் அள்ளினேன். இரண்டு எட்டு தள்ளிச் சோறு பொங்கிக்கொண்டிருந்தது, வேறு என்ன செய்ய?

அள்ளிவிட்டு நிமிர்ந்தபோது தண்ணீர்க் கிண்ணம் கண்ணில் பட்டது. நேற்று நான் ஊற்றிய தண்ணீர் அப்படியே விளிம்பு வரை நின்றது. வாதாம் இலை ஒன்று மிதந்தது. ஒரு நாள் முழுக்க வெயிலில் மூச்சிரைத்துத் திரிகிற நாய் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. மத்தியானம் அது காருக்கு அடியில் இருட்டில் போய்ப் படுத்துக்கொண்டது. எழுந்து வந்தால் டென்ட் முளையைக் கடித்துச் சிலாம்பாக்கியது. குரைத்தபோது குரல் கம்மி, பாதியில் ஊளையாக இழுத்தது.

அப்பா நான்கு வருடம் நாய் பிடிக்கும் வண்டியில் போனவர். எதற்கும் அஞ்சாத ஆள். ஆனால் குரல் மாறிய நாய் என்றால் பத்தடி தள்ளியே நிற்பார். அது எனக்கு ஞாபகம் வந்தது. வந்ததும் அதைத் தள்ளிவிட்டேன். ப்ரூனோவைச் சந்தேகப்பட்டால் ரெஜிஸ்டரில் நான் எழுதியதைப் பற்றியும் யோசிக்க வேண்டியிருந்தது. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை, புது இடம், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு லச்சு ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு காருக்குப் பக்கத்தில் குந்தியது. ப்ரூனோ பிஸ்கட்டைத் தொடவில்லை. மணிக்கட்டைக் கவ்வி விட்டுவிட்டது. குழந்தை அழுததைவிட ஷைலஜா அழுததுதான் அதிகம். இரண்டு பல் தடம், ஒன்றில் மட்டும் ஒரு பொட்டு ரத்தம். ஹரிஷங்கர் ஏதோ களிம்பைத் தடவி பிளாஸ்டர் ஒட்டினார்.

"வெளையாட்டுக்குக் கவ்வினது. ஊசியெல்லாம் போட்டாச்சு. சந்தேகமா இருந்தா ரெஜிஸ்டரைப் பாத்துக்கோங்கோ, அவளே எழுதியிருக்கா" என்றார்.

அபிலாஷ் என் அறைக்கு வந்தான். நான் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். அவன் விரல் வரிசையாக நகர்ந்து என் கையெழுத்தில் வந்து நின்றது. போனை எடுத்து அந்தப் பக்கத்தைப் படம் பிடித்தான்.

"ஷைலு பேடிச்சுக் கெடக்கா. இத காட்டினாதான் சமாதானமாவா" என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்து, "சேச்சி, நீங்க நேர்ல பார்த்ததுதானே?" என்று கேட்டான்.

இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு நொடி இருந்தது. அந்த நொடியில் முத்துவேலின் முகம் வந்தது, என் வீட்டு வாடகை வந்தது, குழந்தை வரவில்லை.

"ஆமா" என்றேன்.

அவன் ஒரு பெருமூச்சு விட்டுச் சிரித்தான்.

ஒன்பது மணிக்கு அவர்கள் டென்டை மடக்கிக்கொண்டு படகுக்குக் கிளம்பினார்கள். அவர்கள் தலை மறைந்ததும் நான் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு காருக்குப் பக்கத்தில் போனேன். எனக்குத் தெரிந்தாக வேண்டும். துடைப்பக் கட்டையால் கிண்ணத்தை மெல்லக் காருக்கு அடியில் தள்ளினேன். தண்ணீர் அலம்பியது. ப்ரூனோ அதில் வாயை வைத்தது, விழுங்க முடியவில்லை. அதன் தொண்டை இறுகி வெட்டி வெட்டி இழுத்தது, வாயோரம் எச்சில் நூலாகத் தொங்கியது. பின்வாக்கில் நகர்ந்து போய்ச் சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டு நடுங்கியது. வெறிநோய்தான். கட்டையைப் போட்டுவிட்டு ஹரிஷங்கரிடம் போனேன்.

"சார், சீட்டைக் காட்டுங்க. இப்பவே."

"குட்டியா இருந்தப்போ போட்டது. அப்பறம் ரெண்டு வருஷம் விட்டுப்போச்சு. அதுக்கென்ன இப்போ?" என்றார், நாற்காலியை மடக்கிக்கொண்டே.

நான் ஓடினேன். படகுத்துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது படகு பத்து அடி நகர்ந்திருந்தது. அபிலாஷின் பெயரைச் சொல்லிக் கத்தினேன். ஊசி போட வேண்டும் என்று கத்தினேன். மோட்டார் சத்தத்தில் எனக்கே என் குரல் கேட்கவில்லை. ஜன்னலோரம் இருந்த ஷைலஜா என்னைப் பார்த்துவிட்டு, லச்சுவின் கையைத் தூக்கி ஆட்டினாள். பிளாஸ்டர் ஒட்டிய கை. வழியனுப்ப வந்தேன் என்று நினைத்துவிட்டார்கள்.

அறைக்குத் திரும்பி, ரெஜிஸ்டரில் இருந்த நம்பரைப் பார்த்து அபிலாஷைப் போனில் பிடித்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அபிலாஷ் முழுக்கக் கேட்டான்.

"நேத்து அந்த ஆளோட நீங்க போட்ட சண்டைய நாங்களும் பார்த்ததல்லே சேச்சி. அந்த தேஷ்யத்துல பேசாதீங்க. சும்மாவே ஷைலு பேடிச்சு சாவா."

போனை வைத்துவிட்டான். திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. கடைசியில் ஒரு படம் மட்டும் அனுப்பினான். ரெஜிஸ்டர் பக்கம். கடைசிக் கட்டத்தில் "பார்த்தேன்", கீழே என் கையெழுத்து, சுமா. என் பொய்யையே எனக்குப் பதிலாக அனுப்பியிருந்தான்.

ரெஜிஸ்டரைப் பையில் போட்டுக்கொண்டு அறையைப் பூட்டாமலேயே அடுத்த படகில் ஏறினேன். எர்ணாகுளத்தில் இறங்கிக் கலூர் பஸ் பிடித்தேன். வழியில் ஹரிஷங்கர் இரண்டு தடவை கூப்பிட்டார். அந்தக் குரலைக் கேட்கக்கூட எனக்குப் பிடிக்கவில்லை, எடுக்கவில்லை. ரெஜிஸ்டரில் இருந்த விலாசத்தைக் காட்டி, ஸ்டேடியத்துக்குப் பின்னால் சந்து சந்தாக விசாரித்து வீட்டைக் கண்டுபிடிக்கும்போது மணி பன்னிரண்டரை. அபிலாஷ் வாசல்படியில் நின்றான், உள்ளே வா என்று சொல்லவில்லை. ஷைலஜா அவன் தோளுக்குப் பின்னால் நின்றாள். லச்சு தரையில் உட்கார்ந்து, பிளாஸ்டர் கையால் எடுத்து எடுத்துச் சோறு தின்றுகொண்டிருந்தது.

"நான் சீட்டைப் பாக்கல. பொய்யா எழுதினேன். காலையில உன்கிட்டயும் பொய்தான் சொன்னேன்" என்றேன்.

"அப்போ காலையில பொய், இப்போ சத்தியம். நாளைக்கு வந்து எது சொல்லுவீங்க?" என்றான் அபிலாஷ்.

கேட்டது நியாயம்தான். கையிலிருந்த போன் மறுபடி அடித்தது. ஹரிஷங்கர். இந்த முறை எடுத்தேன். எடுத்து, சத்தத்தைக் கூட்டி, அவர்கள் இருவருக்கும் நடுவில் நீட்டினேன்.

"சுமா, எத்தனை தடவை கூப்பிடறது? ப்ரூனோ போயிட்டான். வண்டியிலேயே இழுத்துண்டு இழுத்துண்டு போயிட்டான்." அவர் குரல் உடைந்திருந்தது. பிறகு தாழ்ந்தது. "கேளு. ரெண்டு மாசம் முன்னாடி அவனை ஒரு தெருநாய் கடிச்சுது. அது யாருக்கும் தெரியாது. நீ ரெஜிஸ்டர்ல எழுதினதை அப்படியே விட்டுடு, மாத்தாதே. நேக்கும் நல்லது, நோக்கும் நல்லது. அந்தக் கொழந்தை இந்நேரம் ஆத்துக்குப் போயிருக்கும், அவாளுக்கு என்ன தெரியப்போறது."

உள்ளே லச்சு சாப்பாட்டுத் தட்டைத் தட்டிக்கொண்டிருந்தது.

"சார், அதோடயே இருந்தீங்க, எச்சில் கையில பட்டிருக்கும். நீங்களும் போயி ஊசி போட்டுக்குங்க" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

ஷைலஜா அதற்குள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போயிருந்தாள். பிளாஸ்டரைப் பிய்த்து எறிந்தாள். சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் விடாமல் கழுவச் சொன்னேன். அவள் கழுவினாள், அபிலாஷ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். கடித்து ஐந்தரை மணி நேரம் ஆகியிருந்தது. அதில் ஒவ்வொரு நிமிடமும் நான் வீணாக்கியது.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நானும் ஏறிக்கொண்டேன். வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. ஊசி போடும் அறையில் நர்ஸ் தாளை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள். பெயர், வயது, எந்தக் கை, எத்தனை மணிக்கு. லச்சு அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தது.

"நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்ததா? சீட்டு யாராவது பார்த்தீங்களா?" என்று கேட்டாள் நர்ஸ், பேனாவைக் கட்டத்தின் மேல் வைத்துக்கொண்டு.

அபிலாஷும் ஷைலஜாவும் என் பக்கம் திரும்பினார்கள்.

"இல்லை" என்றேன். "யாரும் பார்க்கல."